காற்றுக்கு விலையில்லை, கம்பிக்கு உண்டு

(சத்தியமங்கலத்தில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய வடிவம். பேச்சுவாக்கில் வந்த கிளைக்கதைகளை நீக்கி, வாதத்தின் கிரமத்தை மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறேன்.)



பவானிக் கரையில் நின்று மின்சாரத்தைப் பற்றிப் பேசுகிறவனுக்கு முன்னுரை தேடி அலையும் சிரமம் இல்லை. இந்த ஊர்ப் பாலத்தின் அடியில் ஓடும் தண்ணீர், நீலகிரியின் புல்வெளிகளில் மழையாக விழுந்து இங்கு வந்து சேருமுன், எத்தனை சக்கரங்களைச் சுற்றிவிட்டு வருகிறது என்பதை நினைத்துப் பாருங்கள். பைக்காராவின் நீர், சிங்காராவில் மூவாயிரம் அடிக்குக் குறையாத உயரத்திலிருந்து குழாய் வழியே பாய்ந்து விசைப்பொறிகளைச் சுழற்றி, மாயாற்றில் இன்னொரு நிலையத்தையும் இயக்கிவிட்டு, பவானிசாகரில் வந்து பவானியோடு கூடுகிறது. குந்தாத் தொகுதியின் நீரோ, அவலாஞ்சி, எமரால்டு ஏரிகளில் தேங்கி, படிக்கட்டுகளைப்போல் அடுக்கி வைத்த மின் நிலையங்களை ஒவ்வொன்றாகக் கடந்து, பில்லூரில் சற்று இளைப்பாறி, மேட்டுப்பாளையம் வழியாக அதே அணைக்கு வந்து சேர்கிறது. உழைத்து முடித்த பிறகே அந்தத் தண்ணீர் நம்முடைய வயலுக்கு வருகிறது.

1932இல் பைக்காரா மின்சாரம் மலையிறங்கியதிலிருந்துதான் அக்காலத்துக் கோயம்புத்தூர் ஜில்லாவின் புதிய சரித்திரம் தொடங்குகிறது. சென்னை அரசாங்கத்தில் சட்ட அங்கத்தினராக இருந்த ஸி.பி. ராமஸ்வாமி ஐயர் அத்திட்டத்துக்காக வாதாடியபோது, இவ்வளவு மின்சாரத்தை வாங்க மனிதர் எங்கே இருக்கிறார்கள் என்று சந்தேகித்தவர்கள் இருந்தார்கள். பதில் சில ஆண்டுகளிலேயே கிடைத்தது. பஞ்சாலைகள் ஊருக்கு ஊர் எழுந்தன, 1937இல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரமும் கோவையிலேயே மின்சார மோட்டார் செய்தார்கள். மாடுகளைப் பூட்டிச் சால் கட்டிக் கவலை இறைத்த கிணறுகளின் மேட்டில் அந்த மோட்டார்கள் வந்து உட்கார்ந்தன. ஆகவே, தூய எரிசக்திக்கு மாறுவது இப்பிரதேசத்துக்குப் புதிய அனுபவமன்று. நாம் நீர்மின்சாரத்தில் தொடங்கி, தேவை பெருகியபோது கரிக்குச் சென்று, இப்போது காற்றையும் வெயிலையும் நோக்கித் திரும்பிக்கொண்டிருக்கிறோம்.

இந்தத் திரும்புதலைப் பற்றி நான் இன்று சொல்ல வந்த விஷயம் ஒன்றே ஒன்று. கரி மின்சாரத்தின் செலவில் பெரும்பகுதி எரிபொருளில் இருக்கிறது. காற்றும் வெயிலும் பணம் கேட்பதில்லை. அதனால் மின்சாரத்தின் விலை மறைந்துபோவதாகப் பலர் எண்ணுகிறார்கள். மறைவதில்லை, எரிபொருளை விட்டு எழுந்த விலை, மூலதனத்திலும் நிலத்திலும் காலத்திலும் போய் அமர்ந்துகொள்கிறது. இடம் மாறிய அந்த விலையை யார் கொடுப்பது என்று தீர்மானிப்பதே தூய மின்சாரத்தின் அரசியல். வெளிப்படையாகத் தீர்மானிக்காத இடங்களிலெல்லாம், பலத்தில் குறைந்தவர் தலையில் அது தானாகவே இறங்குகிறது. இனி நான் சொல்லும் ஆறு செய்திகளும் இக்கூற்றுக்குச் சாட்சியங்கள்.

1. கரியின் விலை எங்கே கொடுக்கப்பட்டது?

மேட்டூர் அனல் மின் நிலையத்தை எடுத்துக்கொள்வோம். பழைய பகுதியில் 840 மெகாவாட்டும் புதிய பகுதியில் 600 மெகாவாட்டும் உற்பத்தி செய்யும் திறன் கொண்ட அந்நிலையத்துக்கு வேண்டிய கரியில் பெரும்பங்கு ஒடிசா மாநிலத்துத் தால்சர் வட்டாரத்தில் வெட்டப்பட்டு, பாரதீப் துறைமுகத்தில் கப்பலேறி, எண்ணூரில் இறங்கி, மறுபடியும் ரயிலேறி, காவிரிக் கரைக்கு வந்து சேர்கிறது. ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறக்குறைய முக்கால் கிலோ கரி வேண்டும். நம் தேசத்துக் கரியில் மூன்றில் ஒரு பங்கு, சில சமயம் அதற்கு மேலும், சாம்பல். அதாவது, அந்த நீண்ட ரயில்வண்டியில் மூன்று பெட்டிக்கு ஒரு பெட்டி, எரியவே எரியாத மண்ணைச் சுமந்துகொண்டு நெடுந்தூரம் யாத்திரை செய்கிறது.

இந்த ஏற்பாட்டில் மின்சாரத்தை உபயோகிக்கும் நமக்கு இரண்டு சௌகரியங்கள் இருந்தன. ஒன்று, கரிக்கான பணத்தை எரிக்க எரிக்கக் கொடுத்தால் போதும். மற்றொன்று, அதற்காக நிலம் இழந்தவர்களையும் புகையைச் சுவாசித்தவர்களையும் நாம் கண்ணால் காணவேண்டியதில்லை. அவர்கள் தால்சரில் இருந்தார்கள், எண்ணூரில் இருந்தார்கள். தமிழ்நாட்டுக்குள்ளேயே நெய்வேலியில் 1956இல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தோன்றிய காலந்தொட்டு நிலம் கொடுத்தவர்களின் வழக்கு ஓயவில்லை; 2023 ஜூலையில் வளையமாதேவியில் பயிர் நின்ற வயல்களுக்குள் கால்வாய் வெட்டும் எந்திரங்கள் இறங்கிய காட்சியைத் தொலைக்காட்சியில் பார்த்துப் பதறிய நாம், மறுநாள் அதே மின்சாரத்தில் காப்பிக்குப் பால் காய்ச்சினோம். கரியின் விலை கொஞ்சம் பணமாகவும் மிச்சம் தூரத்து மனிதரின் வாழ்வாகவும் கொடுக்கப்பட்டது.

2. மூலதனம்: வரியிலிருந்து எழுந்த கோபுரங்கள்

காற்றாலைக்கு எரிபொருள் இல்லை. ஆகவே, அது இருபத்தைந்து ஆண்டு கொடுக்கப்போகும் மின்சாரத்தின் விலை முழுவதையும் முதல் நாளிலேயே கட்டித் தீர்க்கவேண்டும். அவ்வளவு பணம் கையில் இருப்பவர் கொஞ்சம். மற்றவர் கடன் வாங்குவர். கரி நிலையத்துக்குக் கரி எப்படியோ, காற்றாலைக்கு வட்டி அப்படி. வட்டி ஏறினால் காற்று ஓய்ந்தது போலத்தான்.

1986இல் தூத்துக்குடிக்கு அருகே முள்ளக்காட்டில் பரீட்சார்த்தமாகச் சில காற்றாலைகள் நிறுவப்பட்டபோது, இது பணம் படைத்தவரின் விளையாட்டு என்றே பலரும் நினைத்தார்கள். விளையாட்டை வியாபாரமாக மாற்றியது வருமான வரிச் சட்டத்தின் ஒரு சலுகை. பொதுவாக, ஓர் எந்திரத்தின் விலையைப் பல ஆண்டுகளில் சிறிது சிறிதாகத் தேய்மானமென்று கழித்துக்கொள்ள வேண்டும்; காற்றாலைக்கோ 1990களில் முழு விலையையும் முதல் ஆண்டிலேயே கழித்துக்கொள்ளலாம் என்று மத்திய அரசாங்கம் அனுமதித்தது. நல்ல லாபம் கண்ட ஒரு ஸ்பின்னிங் மில், ஆண்டு முடிவதற்குள் ஒரு காற்றாலையை நட்டுவிட்டால், வரியாக டில்லிக்குப் போகவேண்டிய பணம் உடுமலைப் பக்கத்தில் கோபுரமாக நிற்கும்.

இச்சலுகை இல்லாதிருந்தால் பாலக்காட்டுக் கணவாயின் காற்று இன்றும் சும்மாதான் வீசிக்கொண்டிருக்கும் என்பது என் அபிப்பிராயம். மேற்குத் தொடர்ச்சி மலை தென்மேற்குப் பருவக் காற்றுக்குத் திறந்துவிட்ட அந்த ஒரே பெரிய வாசலின் வழியே, ஆடியில் அம்மியையும் தூக்கும் வேகத்தோடு காற்று புகுந்து வருவதைப் பொள்ளாச்சியும் உடுமலையும் பல்லடமும் தலைமுறை தலைமுறையாக அறியும். அந்தக் காற்றில் சோளக்கதிர் சாய்ந்த மானாவாரிக் காடுகளில் கேத்தனூரும் பூளவாடியும் காற்றாலை ஊர்களாயின. தமிழ்நாட்டின் காற்றாலைத் திறன் பத்தாயிரம் மெகாவாட்டைத் தாண்டிவிட்டது.

ஆயினும், சலுகையின் ஸ்வபாவத்தைக் கவனியுங்கள். வரி கட்டும் அளவுக்கு லாபம் உள்ளவருக்கே அது பயன்படும். காற்று வீசும் நிலத்தின் சொந்தக்காரருக்குப் பயன்படாது. எந்திரம் எவ்வளவு மின்சாரம் கொடுத்தது என்பதை அது கேட்கவில்லை, மார்ச்சு முடிவதற்குள் நட்டாயிற்றா என்பதைத்தான் கேட்டது. ஆகையால் 1990களின் நடுவில் காற்று குறைந்த இடங்களிலும் தரம் குறைந்த எந்திரங்கள் முளைத்தன. 2012 மார்ச்சோடு சலுகை நிறுத்தப்பட்டபோது புதிய காற்றாலைகள் சட்டென்று குறைந்தன. 2014இல் திரும்ப வந்தது. 2017இலிருந்து கழிவு நாற்பது சதவீதத்துக்கு மேற்படக் கூடாதென்று கட்டுப்பாடு வந்தது. ஜனங்களின் வரிப்பணம் ஒவ்வொரு கோபுரத்திலும் ஒரு மௌனப் பங்காளியாக நின்றது. பங்காளிக்கு லாபத்தில் பாகமும் இல்லை, யோசனை சொல்லும் உரிமையும் இல்லை. டென்மார்க்கில் 2009இல் நடைமுறைக்கு வந்த ஒரு சட்டம், புதிய காற்றாலையின் பங்குகளில் ஐந்தில் ஒன்றை அக்கம்பக்கத்தில் வசிப்போர் வாங்குவதற்கு முன்வைக்கவேண்டும் என்று விதித்தது. நம் சட்டம் அயலாரை நினைக்கவே இல்லை.

3. காலம்: ஆடியில் சேமித்துத் தையில் செலவழிப்பது

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மில்லின் கணக்கர் தம் மின்கட்டணச் சீட்டை எனக்கு விரித்துக் காட்டினார். ஒரு பத்தியில் மில் செலவழித்த யூனிட்டுகள். அடுத்த பத்தியில் அங்கிருந்து வெகுதூரத்தில் சுழன்ற அவர்களுடைய காற்றாலையின் யூனிட்டுகள். ஒன்றிலிருந்து ஒன்று கழிந்து, மிச்சம் ‘இருப்பு’ என்று மூன்றாவது பத்தியில் நின்றது. ஆனி, ஆடி, ஆவணி மாதங்களில் அந்த இருப்பு மளமளவென்று ஏறுகிறது, ஐப்பசிக்குமேல் இறங்குகிறது. சீட்டின் ஓரத்தில் அவர் பென்சிலால் ‘மார்ச்சு 31’ என்று எழுதி வட்டமிட்டிருந்தார். நிதியாண்டு முடியும் அந்த நாளுக்குள் தீராத இருப்பைக் குறைந்த விலைக்கு மின்வாரியத்திடம் விட்டுவிட வேண்டியிருந்தது. பாங்கியில் பணம் போட்டு வைப்பதுபோல் மின்சாரத்தைப் போட்டு வைக்கும் இந்த ஏற்பாட்டை ‘பேங்கிங்’ என்றே மில்காரர்கள் சொல்கிறார்கள்.

பாங்கியில் போட்ட பணத்தைப்போல மின்சாரம் பெட்டியில் இருப்பதில்லை என்பதுதான் இதிலுள்ள சூட்சுமம். ஆடி மாதத்து நள்ளிரவில், தேவை குறைந்த வேளையில் மில்காரர் கொடுத்த யூனிட்டை வாரியம் அப்போதே யாருக்காவது கொடுத்துத் தீர்த்தாக வேண்டும், அல்லது அனல் நிலையத்தின் வேகத்தைக் குறைக்க வேண்டும். அதுவும் முடியாதபோது காற்றாலையையே நிறுத்தச் சொல்லும். தை மாதத்து மாலையில் மில்காரர் அதே யூனிட்டைத் திருப்பிக் கேட்கும்போது, வாரியம் கரியை எரித்தோ வெளியில் வாங்கியோ கொடுக்கும். இரு யூனிட்டுக்கும் பெயர் ஒன்று, விலை ஒன்றல்ல. அந்த வித்தியாசத்துக்கு எவ்வளவு கட்டணம் பிடிக்கலாம், ஆண்டு முழுவதும் சேமிக்க விடலாமா கூடாதா என்பதே, பல ஆண்டுகளாக மின்சார ஒழுங்குமுறை ஆணையத்திலும் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்திலும் நடந்துவந்த வழக்குகளின் சாரம். 2008இன் இறுதியில் தொடங்கிப் பல ஆண்டு நீடித்த மின்வெட்டுக் காலத்தில், காற்றாலை வைத்திருந்த மில்களின் கதிர்கள் சுழன்றன, வைத்திராத சிறு பட்டறைகளின் கடைசல் எந்திரங்கள் நின்றன என்பதை இங்குள்ள பலர் மறந்திருக்கமாட்டார்கள்.

காலத்தின் விலையைக் குறைக்க வழி உண்டு. அதுவும் நம் மலைகளிலேயே இருக்கிறது. ஆனைமலையில் 1980களின் இறுதியில் இயங்கத் தொடங்கிய கடம்பாறை நிலையம், மின்சாரம் மலிந்த வேளையில் கீழ் அணையின் நீரை மேலே ஏற்றி, தேவை மிகுந்த வேளையில் திரும்ப இறக்கி 400 மெகாவாட் கொடுக்கிறது. அதே முறையில் போர்த்திமந்துக்கும் அவலாஞ்சி–எமரால்டுக்கும் இடையே 500 மெகாவாட் குந்தா நீரேற்று மின் திட்டம் எடுக்கப்பட்டிருக்கிறது. உடுமலைக் காற்று நீலகிரியின் தண்ணீரை மேலே தூக்கி வைக்க, அத்தண்ணீர் மாலையில் இறங்கி நம் வீட்டு விளக்காவது அழகான கற்பனை மட்டுமன்று, செய்யக்கூடிய காரியம். ஆனால் அந்நீர் பவானியின் நீர். சோலைகளும் புல்வெளிகளும் அதன் தாய்வீடு. திட்டத்தைக் கட்டுகிறவர்கள் கீழ்பவானி ஆயக்கட்டுக்காரரைக் கலந்து பேசவேண்டும் என்று நான் சொல்லும்போது அது தடைசெய்வதற்காக அல்ல, கணக்கில் சேர்ப்பதற்காக.

4. நிலம்: தலைக்கு மேலே போகும் கம்பி

சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து கரூர் மாவட்டத்துப் புகளூருக்கு, ஏறத்தாழ 1,765 கிலோமீட்டர் தூரம், 800 கிலோவோல்ட் நேர்மின்னழுத்தத்தில் 6,000 மெகாவாட்டைக் கொண்டுவரும் மின்பாதை நம் காலத்தில் கட்டப்பட்டது. இருதிசையிலும் மின்சாரம் செலுத்தவல்லது அது. கரிநாட்டு மின்சாரம் தெற்கே வரலாம், காற்று மிகுந்த பருவத்தில் நம் மின்சாரம் வடக்கே போகலாம். இதுவும் இதையொட்டிய பிற பாதைகளும் ஈரோடு, திருப்பூர், கோவை, நாமக்கல், கரூர் மாவட்டங்களின் தோட்டங்களுக்குள் கோபுரம் ஊன்றியபோது, 2018இலும் 2019இலும் விவசாயிகள் ஊருக்கு ஊர் பந்தலிட்டு உட்கார்ந்தார்கள். கம்பியைச் சாலையோரமாகப் பூமிக்குள் புதைக்கவேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை.

அப்படிப்பட்ட கோபுரம் ஒன்றின் அடியில் நான் நின்றிருக்கிறேன். நான்கு கால்களுக்கு நடுவே பயிர் செய்யலாம் என்பது சட்டம். டிராக்டர் திரும்பாது என்பது அனுபவம். கம்பி போகும் வழியெங்கும் தென்னை கூடாது. வரிசையாக நின்ற மரங்கள் அடியோடு வெட்டுண்டு, தென்னந்தோப்பின் நடுவில் வகிடெடுத்ததுபோல் ஒரு வெட்டவெளி. பொழுது சாய்ந்ததும் பக்கத்திலிருந்த மாற்றுமின்னோட்டப் பாதையின் கீழே தோட்டத்துக்காரர் ஒரு குழல்விளக்கைக் கையில் பிடித்துக் காட்டினார். எந்தக் கம்பியோடும் சேராத அந்த விளக்கு மங்கலாக எரிந்தது. “கம்பி ஆகாசத்துலதானுங்க போவுது, நெலம் உங்களுதுதான்னு ஆபீசருங்க சொல்றாங்க. அப்புறம் ஏனுங்க பேங்க்காரரு இந்த நெலத்துமேல கடன் தரமாட்டீங்கறாரு?” என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியாமலில்லை. சொல்ல வாய் வரவில்லை.

பதில் 1885ஆம் ஆண்டில் இருக்கிறது. தந்திக் கம்பி இழுப்பதற்காக வெள்ளைக்காரச் சர்க்கார் இயற்றிய சட்டம், நிலத்தை வாங்காமலேயே அதன்மேல் கம்பி கொண்டுசெல்லும் உரிமையை இலாகாவுக்கு அளித்தது. மெல்லிய தந்திக்கம்பிக்கு எழுதிய அந்த அதிகாரத்தை, 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 164ஆம் பிரிவு மாபெரும் மின்பாதைகளுக்கும் கடன் வாங்கித் தந்தது. பட்டா உங்களுடையது, ஆனால் அதில் வீடு கட்டவும் மரம் வளர்க்கவும் விற்றால் விலை கேட்கவும் உள்ள பாத்தியதை போய்விடுகிறது. 2015இல் மத்திய அரசாங்கம், கோபுரம் நிற்கும் இடத்துக்கு நில மதிப்பில் 85 சதவீதமும், கம்பி செல்லும் தடத்துக்கு 15 சதவீதம் வரையிலும் நஷ்டஈடு தரலாம் என்று வழிகாட்டியது. 2024இல் அவற்றை 200 சதவீதமாகவும், கிராமப்புறத் தடத்துக்கு 30 சதவீதமாகவும் உயர்த்தியது. உயர்வு பெரிதுதான். ஆயினும் அது ஒருமுறை கொடுத்துக் கைகழுவும் தொகை. கம்பியோ தலைமுறைக்கும் நிற்கும்.

புகளூரிலிருந்து திருச்சூருக்குச் செல்லும் 2,000 மெகாவாட் பாதை, தமிழ்நாட்டு எல்லைவரை கோபுரங்களின்மேல் சென்று, கேரளத்துக்குள் ஒரு பகுதியில் பூமிக்கடியில் செல்கிறது. அதன் அழுத்தம் 320 கிலோவோல்ட்; ராய்கர் பாதையின் 800 கிலோவோல்ட்டோடு அதை அப்படியே ஒப்பிடுவது நியாயமன்று. புதைப்பதற்குப் பணம் பன்மடங்கு ஆகும் என்பதும் மெய். ஆனால், நெருக்கமாக வீடு கட்டி வாழும் நாட்டில் முடிந்த காரியம் இங்கே முடியாததற்குக் காரணம் விஞ்ஞானம் மட்டுமன்று. செலவை மின்சாரம் வாங்குவோர் எல்லோரும் பகிர்ந்துகொள்வதா, தோட்டத்துக்காரர் ஒருவரே ஏற்றுக்கொள்வதா என்ற தீர்மானமுமாகும்.

5. அண்ணனின் மில்லும் தம்பியின் கிணறும்

கொங்கு நாட்டில் ஒரே குடும்பத்தில் அண்ணன் மில் நடத்துவார், தம்பி தோட்டம் பார்ப்பார். அந்த இருவரையும் மின்கம்பி கட்டியிருக்கும் முடிச்சைப் பார்ப்போம்.

1970இல் யூனிட்டுக்குச் சில பைசா மின்கட்டணம் உயர்ந்தபோது நாராயணசாமி நாயுடுவின் தலைமையில் விவசாயிகள் திரண்டார்கள். அவ்வாண்டு ஜூன் 19ஆம் நாள் பெருமாநல்லூரில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் மூன்று பேர் உயிரிழந்தார்கள். 1972இல் ஆயிரக்கணக்கான மாட்டுவண்டிகள் கோவை நகரத்து வீதிகளை அடைத்துக்கொண்டு நின்றன. கிளர்ச்சியின் பலன் படிப்படியாக வந்தது. 1984இல் சிறு விவசாயிகளுக்கும், 1990இல் எல்லா விவசாயிகளுக்கும் மின்சாரம் இலவசமாயிற்று. இன்று அத்தகைய இணைப்புகள் இருபது லட்சத்துக்கு மேல்.

இலவசம் என்றால் யாரோ கொடுக்கிறார்கள் என்று அர்த்தம். அரசாங்கம் மானியமாகக் கொஞ்சம் கொடுக்கிறது. உயரழுத்த இணைப்பு பெற்ற ஆலைகள் அடக்க விலைக்கு மேல் கட்டணம் செலுத்திக் கொஞ்சம் கொடுக்கின்றன. இதைக் குறுக்கு மானியம் என்பர். தம்பியின் மோட்டார் ஓடுவதற்கு அண்ணன் மில் கட்டிய பணத்திலும் ஒரு பங்கு உண்டு. இப்போது அண்ணன் தமக்கென்று காற்றாலை நட்டுக்கொண்டார். கூரையில் சூரியத் தகடு விரித்துக்கொண்டார். சொந்த உபயோகத்துக்கு உற்பத்தி செய்பவர் குறுக்கு மானியக் கூடுதல் தொகை கட்டவேண்டியதில்லை என்று 2003ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. அண்ணன் செய்தது குற்றமல்ல. தேசம் செய்யச் சொன்ன காரியமே அது. ஆனால் அவர் விட்டுச் சென்ற பங்கை இனி யார் கட்டுவது? ஒரு லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் கடன் சுமக்கும் வாரியம், அதைக் காற்றாலை வாங்க வசதியில்லாத பட்டறைக்காரரிடமும் தறிக்காரரிடமும் தேடுகிறது. 2022 கட்டண உயர்வுக்குப் பின், நிலைக்கட்டணத்தையும் உச்சநேரக் கட்டணத்தையும் கூரைச் சூரிய மின்சாரத்துக்கு விதித்த கம்பிக் கட்டணத்தையும் எதிர்த்து 2023இல் கோவையிலும் திருப்பூரிலும் குறுந்தொழிலார் கதவடைத்ததன் காரணம் இதுதான்.

தம்பியின் பக்கமும் ஒரு கணக்கு உண்டு. அவருடைய மோட்டார் பகலில் ஓடக்கூடியது. வெயில் மின்சாரம் மிஞ்சுவதும் பகலில்தான். விலையில் பாதிக்கு மேல் மானியம் கொடுத்துச் சூரிய பம்புகள் வழங்கப்படுகின்றன. நல்லது. ஆயினும் சால் கட்டி இறைத்த காலத்தில் மாடு களைத்தபோது கிணறு ஓய்ந்தது. இலவச மின்சாரம் வந்தபின் மின்வெட்டின்போது மட்டுமே ஓய்ந்தது. வெயிலில் ஓடும் பம்புக்குப் பகலில் மேகம் வந்தாலன்றி ஓய்வில்லை. ஆயிரம் அடிக்கும் கீழே போர் போட்டு, புழுதியை மட்டும் கண்டு திரும்பியவர்கள் இச்சபையிலேயே இருக்கக்கூடும். மிச்சமாகும் வெயில் மின்சாரத்தைக் கம்பியில் விட்டுப் பணம் வாங்க வழிசெய்தால், இறைக்காத தண்ணீருக்கும் ஒரு வருமானம் உண்டாகும். அப்படிச் செய்யாவிட்டால், காற்றை மாசுபடுத்தாத மின்சாரம் பூமியை வறட்டிவிடும்.

6. கரியை நம்பி வாழ்ந்தவர்கள்

இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மேட்டூரின் கரி ஒருநாள் அணைக்கப்படும். நிரந்தர ஊழியருக்கு வேறு நிலையம் கிடைக்கும். கரி இறக்கும் ஒப்பந்தத் தொழிலாளிக்கும், லாரிக்காரருக்கும், அந்நிலையத்துச் சாம்பலை வாங்கிக் கல் அறுக்கும் சூளைக்காரருக்கும் என்ன கிடைக்கும் என்று எழுதிய காகிதம் எதையும் நான் கண்டதில்லை. ஜெர்மனி 2020இல் கரியைக் கைவிடச் சட்டம் இயற்றியபோது, 2038 என்று கெடு வைத்ததோடு, கரிப் பிரதேசங்களுக்கென்று நாற்பது பில்லியன் யூரோவையும் ஒதுக்கியது. அவ்வளவு பணம் நம்மிடம் இல்லை. ஆனால் கெடுவையும் கணக்கையும் சேர்த்து எழுதும் பழக்கத்துக்குப் பணம் தேவையில்லை.

முடிவுரை: மதகின் முறை

இத்தனையும் கேட்டபின், அப்படியானால் கரியிலேயே இருந்துவிடலாமா என்று யாரும் கேட்கவேண்டாம். கரியின் விலையை நம் பேரக்குழந்தைகள் வெப்பமாகவும் பருவம் தவறிய மழையாகவும் கட்டப்போகிறார்கள்; அவர்கள் எந்த ஆணையத்திலும் ஆட்சேபணை மனு கொடுக்க முடியாது. மாறித்தான் ஆகவேண்டும். எப்படி மாறுவது என்பதற்கு வெளிநாட்டு உதாரணத்தைவிட நல்ல உதாரணம் இவ்வூரின் பக்கத்திலேயே ஓடிக்கொண்டிருக்கிறது.

1950களில் கட்டி முடித்த பவானிசாகர் அணையிலிருந்து இருநூறு கிலோமீட்டர் நீளத்துக்கு ஓடும் கீழ்பவானிக் கால்வாய் 2,07,000 ஏக்கருக்குப் பாசனம் தருகிறது. அத்தனை ஏக்கருக்கும் ஒரே சமயத்தில் தண்ணீர் விட அணையில் நீர் இல்லை. ஆகவே மதகுகளை ஒற்றைப்படை, இரட்டைப்படை என்று பிரித்து, ஒரு பாதிக்கு நன்செய்க்கும், பிறகு மறு பாதிக்குப் புன்செய்க்கும் விட்டு, அடுத்த ஆண்டு முறையை மாற்றிக்கொள்கிறோம். மழைக்கு விலை இல்லை என்பதால் தண்ணீருக்கும் கணக்கு வேண்டாம் என்று எந்த ஆயக்கட்டுக்காரரும் சொன்னதில்லை.

அந்த முறையை மின்சாரத்துக்கும் எழுதவேண்டும். கம்பி செல்லும் நிலத்துக்கு ஒருமுறை நஷ்டஈட்டுக்குப் பதில், கம்பி உள்ளவரையில் ஆண்டுதோறும், விலைவாசியோடு உயரும் வாடகை கொடுக்கவேண்டும். வெயில் மிஞ்சும் நண்பகலின் மலிவு, காற்றாலை உள்ளவருக்கு மட்டுமின்றிப் பட்டறைக்காரருக்கும் தறிக்காரருக்கும் கிடைக்கும்படி கட்டணம் அமையவேண்டும். விவசாயிக்குக் கொடுக்கும் இலவசம், அண்ணனின் சீட்டில் ஒளிந்திராமல், சட்டசபையில் வரவுசெலவுத் திட்டத்தில் பகிரங்கமாக நிற்கவேண்டும். இம்மூன்றும் புதிய தத்துவங்கள் அல்ல. மதகு திறப்பவருக்குத் தெரிந்த நியாயத்தின் விரிவுகளே.

ஒற்றைப்படை மதகு திறந்திருக்கும் பருவத்தில், இரட்டைப்படை மதகுக்காரர் தம் வயலோரமாக ஓடும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நிற்பதை நீங்கள் கண்டிருப்பீர்கள். இரவோடு இரவாக மோட்டார் வைத்து எடுப்பவரும் உண்டு. எடுப்பவருக்கே அது களவென்று தெரியும். பெரும்பாலோர் எடுப்பதில்லை, அடுத்த முறை தம்முடையது என்பதை அறிவார்கள். தம் தென்னைகளை இழந்து, தலைக்கு மேலே ஆறாயிரம் மெகாவாட் போவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாரே, அந்தத் தோட்டத்துக்காரருக்கு அப்படியோர் அடுத்த முறை இன்னும் எழுதப்படவில்லை. அதை எழுதும் வேலை, இச்சபையிலுள்ள இளைஞர்களுக்குக் காத்திருக்கிறது.